மேற்குச் சரிவில் ஓடாகக் கிடந்தோம்

குற்றாலம் போகும் பாதையில் இருந்த பழைய சாவடியின் கூரையை, அதைப் பழுதுபார்க்கப் போன முதல் நாள் அண்ணாந்து பார்த்தபோது எனக்குப் பயம்தான் வந்தது. அத்தனை பெரிய கூடத்துக்கு அத்தனை மெல்லிய கைமரங்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மரமுளை. பறக்க மறந்து நின்றுபோன கூரை.

வைகாசிக் கடைசி. எங்கள் பக்கம் சாரல் மேற்கேயிருந்துதான் அடிக்கும். அதனால் மேற்குச் சரிவுதான் உளுத்திருந்தது. சாரலுக்கு முன்னே அதை முடிக்க வேண்டுமென்று மேஸ்திரி சுப்பையா அண்ணாச்சி மேற்கு ஓடு முழுவதையும் இறக்கச் சொன்னார். இந்த ஊர்க்காரர் யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். கிழக்குச் சரிவை நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை, ஓடு வேய்கிற காசீம் சருகு வாரக் கிழக்குச் சரிவில் ஏறினார். முகடு முனகியது. கிழக்கு ஓட்டின் பாரம் தள்ள, கூரை மொத்தமும் வெறுமையான மேற்குப் பக்கம் சாய ஆரம்பித்தது.

“காசீமு, அசையாதேயும்!”

“நான் அசையல அண்ணாச்சி. கூரைதான் அசையுது.”

முட்டுக்கொடுக்க நீளமான மரம் இல்லை. புளியறையிலிருந்து மரவண்டி இன்னும் வந்து சேரவில்லை. அண்ணாச்சி ஏணியை மேற்கே சாத்தினார்.

“ஏலே, எல்லாரும் ஏறுங்க. இறக்குன ஓட்டுக்குப் பதிலா இனி நாமதான் ஓடு.”

ஓடு கிடந்த வெறும் ரீப்பர் சட்டங்களின்மேல் பரவலாகக் குப்புறப் படுத்தோம். என் நெஞ்சுக்கும் கீழே கல்தரைக்கும் நடுவில் விரல் தடிமன் மரம். முனகல் நின்றது.

அந்தப்பக்கம் காசீம் ஓடுகளைக் கழற்றி கிழக்கு ஏணியில் நின்ற தன் கையாளிடம் கொடுத்தார். “ஒரு வரிசை போச்சு!” என்று அவர் கத்தினால் இங்கே எங்களில் ஒருவர் இறங்குவார். அதற்குள் சாரல் வந்துவிட்டது.

“சாரலுக்குப் பயந்துதானே அண்ணாச்சி இதப் பிரிச்சோம்? இப்ப முதுகுல அடிக்குது” என்றான் பக்கத்தில் கிடந்த மாடசாமி.

“வாய மூடிக்கிட்டுக் கனமாக் கிடலே.”

கடைசியில் அண்ணாச்சியும் காசீமும் மட்டும் மிஞ்சினார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் கொடுத்துக்கொண்டே, ஆளுக்கொரு பக்கம், படிப்படியாக இறங்கினார்கள். இரண்டு கைமரங்கள் பிளந்திருந்தன. மற்றதெல்லாம் நின்றது. தரைக்கு வந்ததும் அண்ணாச்சி சாவடியைச் சுற்றிக் கிழக்கே ஓடினார். காசீம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

லேசான கூரையைத் தாங்குவது மரம் மட்டுமல்ல, எதிர்ச்சரிவின் பாரமும்தான். கெட்டது ஒரு பக்கமென்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே பிரிக்க வேண்டும். இன்று கூரை ஏறுகிற தம்பிகளே, முகட்டுக்கு அந்தப்பக்கம் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராமல் முதல் ஓட்டில் கை வைக்காதீர்கள்.