ஒரே படம், இரண்டு கப்பல்

உம்மா விதவையாக வெள்ளை உடுத்த வேண்டுமா என்பது ஒரு படப் புத்தகத்தின் கையில் இருந்தது. அந்தப் புத்தகத்தை நம்பலாமா என்று சொல்ல வேண்டியவன் நான். தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரிந்த வாத்தியார் நான் ஒருவன்தான்.

வாப்பா பெரிய சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் கப்பலுக்குக் கரி தள்ளப் போனவர். கப்பலின் பெயரோடு ஒரு கடிதம் வந்தது. பிறகு எட்டு வருடமாக ஒன்றுமில்லை. அந்தச் சண்டையைப் பற்றிய படப் புத்தகம், இரண்டு பாகம், குழித்துறைச் சந்தையில் பழையதாகக் கிடைத்தது என்று ஒரு மீன் வியாபாரி என்னிடம் கொண்டுவந்தார். நாலு பேர் கூடியிருந்தார்கள். மண்டைக்கனத்தில், கப்பல் மூழ்கும் ஒரு படத்தின் கீழே இருந்த பெயரை உரக்க வாசித்தேன். வாசித்த பிறகுதான் அது வாப்பாவின் கப்பல் என்று உறைத்தது. அதற்குள் கூடியிருந்தவர்கள் பள்ளிவாசலுக்குச் சொல்லப் போய்விட்டார்கள்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஜமாஅத்தார் கூப்பிட்டார்கள். வாப்பா மௌத்தாகிவிட்டார் என்று முடிவுகட்டி, இறந்தவருக்கான ஜனாஸா தொழுதுவிடலாமா என்று பேச்சு.

"படத்துல கப்பல் முங்குதே மக்கா. இனி என்ன வேணும்?" என்றார் தலைவர்.

இரண்டாம் பாகத்தைத் திறந்து காட்டினேன். அதே படம், அதே சாய்ந்த புகைபோக்கி, அதே கவிழ்ந்த படகு. கீழே வேறு கப்பலின் பெயர்.

"ஒரு படத்த வச்சு ரண்டு கப்பல முக்கியிருக்கான். இத எப்பிடி நம்புயது?" என்றேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தொழுகை இப்போது வேண்டாம் என்றார்கள்.

படம் பொய்தான். ஆனால் முதல் பாகத்தில், வாப்பாவின் கப்பல் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நாலு வரி இருந்தது. அதில் வீரமில்லை, நெருப்பில்லை. கப்பலின் பெயர், எந்தக் கடல், எந்த நாள், இயந்திர அறையில் இருந்தவர்கள் யாரும் மேலே வரவில்லை, அவ்வளவுதான். வாப்பாவின் கடிதத்துக்கு அடுத்த மாதம். அப்படி வெறுமையாக எழுதுகிறவன் பொய் சொல்வதில்லை. இதையும் வாசி என்று யாராவது விரல் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், பேச்சு முடியும்வரை உள்ளங்கையால் அந்த வரிகளை மூடியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் உம்மா புத்தகத்தை வாங்கித் திறந்தாள். என் வியர்வையில் தாள் நனைந்து நெளிந்திருந்த பக்கம் தானாக விரிந்தது.

"படம் பொய்யின்னா. இதுல எழுதியிருக்கது?"

"அதும் பொய்தான் உம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஈரத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னுதான மக்களே" என்றாள்.