ஆட்டு மூக்கும் காதர் சாரும்

வெள்ளிக்கிழமை காலையில் எஸ்.டி.டி. பூத்துக்காரர் சைக்கிளில் வந்து நின்று, "காதர் சார் போயிட்டாவ அண்ணாச்சி. நெஞ்சு வலியாம்" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி நான் விழுந்தால் யார் இருக்கிறார்கள்? பத்திரிகைக்குச் சிரிப்புத் துணுக்கு எழுதுகிற எனக்கு வலிப்பு உண்டு. ஊரைச் சிரிக்கவைக்கும் வாய் எந்த நிமிடமும் நுரை தள்ளும்.

பாளையங்கோட்டையில் ஒரு பார்மசி கல்லூரியில் அவர் பேராசிரியர், நான் நூலகன். முதல் தடவை நான் அலமாரியடியில் விழுந்தபோது அலுவலகமே ஓடிவந்து என் கையில் சாவிகளைத் திணித்ததாம். காதர் சார் அவற்றைத் தட்டிவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். கண் விழித்ததும் கேட்டார்: "வலிப்பு என்ன பீரோவாவே, சாவி போட்டுத் திறக்க?"

அன்றிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. "பல்லு கிட்டிச்சவனுக்கு மாத்திரை எப்படிக் குடுக்க? மூக்கு திறந்துதானவே கிடக்கு. அதுக்கு உச்சியில மூளைதான் பக்கத்து வீடு." ஆனால் சொட்டு மருந்து தொண்டைக்குள் ஒழுகிவிடும். எனவே குளிர்ச்சியில் தண்ணீராகவும், மூக்கின் சூட்டில் கூழாகவும் மாறி அங்கேயே ஒட்டிக்கொள்ளும் திரவம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். சோதிக்க ஆட்டு மூக்கின் உட்சவ்வு வேண்டும். மேலப்பாளையம் கறிக்கடையில் ஊரார் தொடைக்கறி கேட்கையில் பேராசிரியர் மூக்கு கேட்டு நிற்பார். "சார் வீட்டுல மூக்கை வச்சு என்னதான் ஆக்குதாவ?" என்று தெரு பேசியது. பேச்சைப் பரப்பியதில் அடியேனுக்கும் பங்குண்டு.

அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் அந்தத் திரவக் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நான் குளிக்கப் பயந்து உட்கார்ந்திருந்த ஆற்றங்கரைக்கே ஸ்கூட்டரில் வந்தார். பெருமையாகக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. உள்ளே நுங்குபோல உறைந்துகிடந்தது.

"மூக்குக்கு வச்ச கணக்கு, நம்ம ஊர் வெயில்லயே முடிஞ்சுட்டுவே!"

தாமிரபரணியில் குப்பியை அமிழ்த்திப் பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி இளகியது.

"என் மூக்குல ஒரு சொட்டு விடுங்க சார். பயமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "ஆட்டு மூக்குல ஜெயிச்சதை ஆள் மூக்குல விட எனக்கு இன்னும் அனுமதி இல்ல. நீரு மாத்திரையை ஒழுங்கா முழுங்கும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

அந்த 'மத்தது' என்னவென்று அவரை அடக்கம் செய்த மையவாடியில்தான் தெரிந்தது. கூட்டம், வெயில், சுற்றிலும் கல். என் இடக்கை விரல்கள் துடிக்கத் தொடங்கின. வலிப்பு வருமுன் அப்படித்தான் இருக்கும். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கறிக்கடை பாய் என் தோளைப் பிடித்தார்.

"பயப்படாதீய. விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், சாவி குடுக்கக் கூடாது. மூக்கு வாங்க வரும்போதெல்லாம் சார் என்னை ஒப்பிக்கச் சொல்லுவாவ."

பக்கத்தில் பூத்துக்காரரும் தலையாட்டினார். ஊர்க்கதை பரப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தேன்; சார் மிஞ்சிவிட்டார்.

விரல்கள் நின்றன; பயம் நிற்கவில்லை. குழிக்குள் இறக்கி, அவர்கள் வழக்கப்படி சாரை வலப்புறமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு மண்ணுருண்டைகளை அண்டக்கொடுத்தார்கள். "பைய, பைய" என்று என் வாய் தானாகச் சொன்னது.

காலை மாத்திரையைப் போட்டுவிட்டேன், சார். போய் வாருங்கள்.