ஒரு பயிற்சி முடிக்கப்பட்டது

அவள் கைகள் அவசரப்படவில்லை. மணிக்கட்டில் கட்டும் பட்டையைச் சூட்டுத் தட்டில் குப்புறக் கிடத்தி, நாற்பது எண்ணி எடுத்து, கண்ணாடிக்கும் உறைக்கும் இடையே பிளேடின் நுனியை நுழைத்தன. மூன்று பக்கம் பசை விட்டுக்கொடுத்தது. நாலாவது பக்கம் கல்லாக நின்றது. மறுபடி தட்டு, மறுபடி நாற்பது. நெம்பிவிட ஒரு விநாடி போதும். நெம்பினால் கண்ணாடி விரியும், விரிந்த கண்ணாடிக்கு மாற்று கிடைக்காது. ஐந்தாம் முறை அது தானாகக் கழன்றது. உள்ளே, கட்டைவிரல் நகமளவு போர்டின் மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“தண்ணி,” என்றாள் அவள். “சும்மா நாலு சொட்டு பட்டது இல்ல. ரொம்ப நேரம் தண்ணியில கிடந்திருக்கு.”

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில், அவள் கடை பதினோரு வருஷமாக இருக்கிறது. அதற்கு முன் அதே படிகளைக் கழுவித் துடைத்தவள். குப்பைக்கூடையில் கிடந்த ஓர் உடைந்த போனைச் சாப்பாட்டு இடைவேளையில் திறந்து பார்த்ததில் ஆரம்பித்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. முதல் நாற்பது போன்களைக் கெடுத்தாள், நாற்பத்தொன்றாவது பேசியது. நாலு வருஷம் கூட இருந்துவிட்டுப் போன புருஷன், “எந்நேரமும் பிணம் அறுக்கிற மாதிரி என்னடி இது?” என்று கேட்டதைத் தவிர, அவள் தொழிலைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு கண்ணில் எப்போதும் லென்ஸ் மாட்டியிருப்பதால் மாடியில் வேலை செய்யும் பிள்ளைகள் ‘பூதக்கண்ணாடி அக்கா’ என்பார்கள். அவசரத்துக்குப் ‘பூதம்’ என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பழுது பார்த்த பொருளோடு ஒரு சீட்டு எழுதித் தருவாள். கண்ணால் கண்டதை மட்டுமே அதில் எழுதுவாள். ‘இருக்கலாம்’ என்ற சொல் அந்தச் சீட்டுகளில் ஒருநாளும் வந்ததில்லை.

நாலாவது மாடியில் இருப்பது புகார் கேட்கும் அலுவலகம். யார் யாரோ விற்ற பொருளுக்கு, யார் யாரோ போனில் திட்ட, இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வாங்கிக்கொள்வார்கள். ஆறு மாதம் தாங்கினால் பெரிசு. அழுதுகொண்டே படியிறங்கிப் போகிறவர்களைக் கடையிலிருந்தே அவள் எண்ணியிருக்கிறாள். போன வருஷம் நிர்வாகம் எல்லாருக்கும் கையில் ஒரு பட்டை கட்டியது. நாடித் துடிப்பு, தோலின் வேர்வை, தூக்கம் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். துடிப்பு எகிறினால் நடுங்கும். பொத்தானை அமுக்கினால் ஒரு வட்டம் விரிந்து சுருங்கி, ஐந்து நிமிஷம் மூச்சை இழுத்து விடச் சொல்லும். அந்தப் பயிற்சியை முடித்தால் எண்ணில் புள்ளி கூடும். காலையில் போனில் நூற்றுக்கு ஒரு எண் வரும். அதற்குத் ‘தாங்குதிறன்’ என்று பேர்.

குறை மட்டுமே சொல்லக்கூடாது. கை நடுங்கிக் கோப்பையைக் கீழே போடும் பெண் ஒருத்தி, அந்த வட்டத்தைப் பார்த்து மூச்சு விட்டுப் பழகி நடுக்கத்தை நிறுத்தியதை அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் தொடர்ந்து மூன்று வாரம் எண் அறுபதுக்குக் கீழே போனவர்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அப்படி ஒரு விதி எங்கேயும் எழுதப்படவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது ஸ்டூலில் இருப்பவனுக்கு மாடியில் ‘மன்னிப்பு’ என்று பேர். நாள் முழுக்கப் போனில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, கதவில் இடித்துக்கொண்டாலும் கதவிடம் கேட்பான் என்று கேலி. வயது இருபத்துமூன்று. வீட்டில் அம்மாவும் படிக்கிற தங்கையும். பகலில் இந்த வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வண்டியில் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. இரண்டாவது வேலை பார்க்கக் கூடாது என்பது அலுவலகத்தின் எழுதிய விதி. பட்டை கையில் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவன் ஏழு மணிக்குப் பட்டையைக் கழற்றி அம்மா கையில் கட்டினான். பிள்ளை வீட்டில் ஓய்வாக இருப்பதாகப் பட்டை குறித்துக்கொண்டது.

மூன்று மாதத்துக்கு முன் அவன் இதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தது அவளுக்கு நினைவிருந்தது.

“வார்ல ரெண்டு ஓட்டை கூடப் போட்டுக் குடுங்கக்கா. லூசா இருக்கு.”

“உன் கைக்கு இதுவே இறுக்கிப் பிடிக்குது.”

“இளைச்சிட்டேன்க்கா.”

“எப்போ? காலையிலயிருந்து இப்போக்குள்ளயா?”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவன் முதல் ஆள் இல்லை. ஒருத்தி தன் பட்டையைத் தாத்தாவுக்குக் கட்டிவிட்டு, “எங்க தாத்தா தூங்குற தூக்கத்துக்கு எனக்குத் தொண்ணூத்தஞ்சு வருதுக்கா” என்று படியில் நின்று பெருமை பேசியிருக்கிறாள். யார் கை என்று கேட்காமல் இவள் துளையிட்டுக் கொடுப்பாள். அது சீட்டில் எழுதுகிற வேலை இல்லை.

ஸ்பிரிட்டில் தோய்த்த பழைய பல் பிரஷ்ஷால் களிம்பைத் தேய்த்தாள். பஞ்சு பச்சையாக வந்தது, பிறகு மங்கலாக வந்தது, பிறகு வெள்ளையாகவே வந்தது. உப்பியிருந்த பேட்டரியை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தாள்.

“எப்போ?” என்று கேட்டாள், தலை நிமிராமல்.

“போன வாரம் செவ்வாய். துணி துவைக்கிற இடத்துல. குழாய் திறந்தபடியே இருந்துச்சு. நான் பதினோரு மணிக்கு வந்து பார்த்தா, அம்மா அங்க கிடந்தாங்க. தங்கச்சி ஃப்ரெண்டு வீட்ல படிச்சிட்டு அப்படியே தங்கிட்டா.” நிறுத்தினான். “டாக்டர் ஹார்ட்டுன்னாரு. உடனே போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்கன்னாரு. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்களாக்கா?”

அவள் பேட்டரியின் கம்பியை அழுத்திச் சேர்த்தாள். தெரியாததைச் சொல்லிப் பழக்கமில்லை.

“அதுக்கு முன்னாடி மூணு நாளா காலையில போன்ல வந்துச்சு. இரவு உங்கள் துடிப்பு சீராக இல்லைன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘ராத்திரி சும்மா படும்மா, பாத்திரத்த உருட்டாத, எனக்கு மார்க் குறையுது’ன்னேன்.”

பட்டையின் முகம் ஒருமுறை மினுங்கி அணைந்தது. பிறகு நின்று எரிந்தது.

“ஏழு நாள் கணக்கு இது உள்ளயே இருக்கும்,” என்றாள். “உன் போன் பக்கத்துல வந்தா போனுக்குப் போயிரும். போன்ல நெட் இருந்தா மேல ஆபீசுக்கும் போயிரும். சிம்மக் கழட்டு. வைஃபைய அணை. அப்போ நாம மட்டும் பார்க்கலாம். பார்த்துட்டு அழிக்கணும்னா அழிக்கலாம். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

அவன் சிம்மைக் கழற்றி அவளுடைய திருகாணிக் கிண்ணத்துக்குள் போட்டான். 

செவ்வாய்க்கிழமைக் கோடு திரையில் வந்தது. ஏழு மணியிலிருந்து அமைதியான ஒரு வரி. ஏழு ஐம்பதுக்குக் கோடு கிறுக்கலாயிற்று; நூற்று முப்பதுக்கு ஏறி, நாற்பதுக்கு இறங்கி, மறுபடி ஏறியது. ஒன்பது ஐந்துக்கு நின்றது. அதற்கப்புறம் வெள்ளை.

ஒன்றேகால் மணி நேரம்.

அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கலாம். ‘உடனேதான் தம்பி’ என்று சொல்லியிருக்கலாம். பகல் முழுக்க ஊரார் பொய்யைக் காதில் வாங்குகிற பிள்ளை, கண்டுபிடித்துவிடுவான். போனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் கோட்டைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்துகளைப் பார்த்தான்.

எட்டு ஐந்து: பயிற்சி தொடங்கப்பட்டது. நிறைவு பெறவில்லை.

எட்டு இருபது: பயிற்சி தொடங்கப்பட்டது. முடிக்கப்பட்டது. ஐந்து புள்ளிகள்.

எட்டு நாற்பத்தொன்று: பயிற்சி தொடங்கப்பட்டது. நிறைவு பெறவில்லை.

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்,” என்றான். குரல் போனில் பேசுகிற குரல்போலப் பதவிசாக வந்தது. “அது நடுங்குச்சுன்னா பட்டன அமுக்கிட்டு உட்கார்ந்து மூச்சு விடும்மா, எனக்குப் புள்ளி விழும்னேன். ‘என்னடா, ஸ்கூல் பிள்ளை மாதிரி எனக்குப் பரீட்சையா’ன்னு சிரிச்சாங்க.”

அவன் சொல்லாமல் விட்டதை அவளும் கண்டுகொண்டாள். அந்த வீட்டின் எதிர்க்கதவு பத்து அடி தூரத்தில் இருக்கும். தட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம். நெஞ்சு அடைத்த மனுஷி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வட்டம் விரியும்போது இழுத்து, சுருங்கும்போது விட்டு, பிள்ளைக்கு ஐந்து புள்ளி வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

படியில் யாரோ சிரித்துக்கொண்டு ஓடினார்கள். தலைக்கு மேல் தடதடத்தது.

“அழிச்சிரட்டுமா?” என்று கேட்டாள். “தங்கச்சி படிக்கிறா. உனக்கு இந்த வேலை வேணும். யோசிச்சுச் சொல்லு.”

அவன் அந்த மூன்று வரிகளையும் மறுபடி மேலிருந்து படித்தான். அதற்குள் அவள் பசை தடவி, கண்ணாடியை மூடி, கவ்வியை மாட்டினாள்.

“அன்னைக்கு அவங்க என்ன பாடுபட்டாங்கன்னு வேற எங்கயும் இல்லக்கா. இதுல மட்டும்தான் இருக்கு.” கிண்ணத்திலிருந்து சிம்மை எடுத்துப் போனில் போட்டான். “நீங்க சீட்டுல நடந்தத நடந்தபடி எழுதுங்க.”

“எழுதினா உன் வேலை போகும்.”

“தெரியும்க்கா.”

“என் கடையும் போகும். ஓட்டை போட்டவ நான், படிக்கடியில இடம் குடுத்தது அவங்க.”

“மன்னிச்சிருங்க...” என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டான்.

அவள் பேனாவை எடுத்தாள். வழக்கமாக இரண்டு வரி. அன்று சீட்டின் பின்பக்கத்துக்கும் போனது. எழுதி முடிப்பதற்குள் அவன் போனில் மேலே ஏறும் அம்புக்குறி சுழன்று நின்றுவிட்டது; கணக்கு ஆபீசுக்குப் போய்விட்டது.

பசை காய்ந்ததும் இருவரும் நாலாவது மாடிக்கு ஏறினார்கள்.

பட்டைகளின் எண்களைக் கவனிக்கும் நலப் பொறுப்பாளருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல மனிதர். மேசையில் ஒரு செடி வைத்து அதற்கு அளந்து தண்ணீர் ஊற்றுபவர். எழுந்து வந்து மன்னிப்பின் தோளில் கை வைத்து, உட்கார வைத்தார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை... ஆமா, ஆமா. பாருங்க, எவ்வளவு டென்ஷன்! ஒன்றேகால் மணி நேரம். அம்மா தவறின அன்னைக்கு. பாவம், யாருக்குத்தான் தாங்கும்?” விரலால் திரையைத் தள்ளினார். “ஒன்பது அஞ்சுக்குக் கழட்டி வச்சிருக்கீங்க. பரவாயில்ல, அதுக்கு நாங்க மார்க் குறைக்க மாட்டோம்.”

மன்னிப்பு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதப் பாருங்க, இதுதான் எனக்கு ஆச்சரியம்.” அவர் குரல் உண்மையாகவே கனிந்தது. “அந்த நிலைமையிலயும் மூணு தடவை முயற்சி பண்ணியிருக்கீங்க. ஒண்ண முழுசா முடிச்சிருக்கீங்க. புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு நீங்க வந்து இதப்பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும்.”

தப்பிப் போக வாசல் திறந்தே இருந்தது. ‘சரி சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை தங்கும், தங்கையின் படிப்பு நிற்காது, கீழே கடை இருக்கும். சொல்வதா வேண்டாமா என்பதை அவள் அவனுக்கே விட்டாள். அது அவன் வீட்டுச் சாவு.

“அது நான் இல்ல சார்,” என்றான். “எங்கம்மா.”

பொறுப்பாளர் கண்ணை மூடித் தலையசைத்தார். “புரியுதுப்பா. அம்மாதான் உங்களுக்குள்ள இருந்து செய்ய வச்சிருக்காங்க. அந்த எண்ணத்த அப்படியே வச்சுக்குங்க. அதுதான் பலம்.”

“இல்ல சார். மூச்சு விட்டது அவங்க. அந்தக் கை அவங்களோடது.”

“சரிப்பா. அழணும்னா அழுங்க. இங்க அழலாம்.” மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினார். அப்புறம்தான் அவள் நிற்பதைப் பார்த்தவர்போல, “பட்டை ரெடியாம்மா? குடுங்க, அவர் கையிலயே கட்டிவிட்டுரலாம்” என்று கையை நீட்டினார்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“கட்டுறதுக்கு முன்னால சீட்டப் படிச்சிருங்க சார். ரெண்டு பக்கமும் இருக்கு,” என்று சொல்லி, பட்டையை அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்தே அவர் கையில் கொடுத்தாள்.