பத்தியத்தில் சேராத புகை

ஊர்ச் சிவன் கோயில் திருவிழாவில் சாமி எழுந்தருளும் இடப வாகனத்தின் முன்தண்டு அணைஞ்சபெருமாள் பிள்ளையின் தோளுக்கு உரியது. தந்தைவழி வந்த பேறு. தூக்க இயலாதவன் அதைத் தாயாதியான பங்காளிக்கு விட்டுவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். விட்டது திரும்பி வராது. கொல்லம் ஆயிரத்து நூற்றைந்தாம் ஆண்டு மார்கழித் திருவிழா நெருங்கியபோது பிள்ளைக்கோ தீராத இடுப்புவலி. ஈசனைச் சுமக்க வேண்டிய அவ்வுடல் நாள் முழுதும் சுமந்தது சுருட்டு ஒன்றையே. திருநீறு துலங்க வேண்டிய மார்பில் சுருட்டுச் சாம்பல் உதிர்ந்து கிடப்பதைக் காணக் காண மனைவி சண்முகவடிவுக்கு அருவருப்பு மிகுந்தது.

வர்ம வைத்தியர் ஞானையன் ஆசான் எண்ணெய் தேய்த்துப் பத்தியம் சொன்னார். "புளியும் மீனும் ஆவாது. பொகையும் ஆவாது. அது ரெத்தத்தைச் சுண்ட வச்சிரும்; பிறவு எண்ணெ தேச்சு என்ன காரியம்?"

பிள்ளை பத்தியம் காத்த சீர் இருக்கிறதே! அடுப்படிக்கே வந்து குழம்புச் சட்டியை முகர்ந்து பார்ப்பார்.

"ஏட்டி, புளி சேத்தியா?"

"சேக்கல்ல. ஒங்க வாயில பொகையுதே, அது என்னவாம்?"

"பத்தியம் திங்கியதுக்குத்தானேட்டி? பொகை வயித்துக்கா போவுது? இதை இழுத்தாத்தான் வலி அடங்குது."

அடங்கியது மெய்தான், சுருட்டு அணையும் வரை. அணைந்ததும் வலி முன்னினும் மூர்க்கமாய் எழும். அவர் அடுத்ததைப் பற்றவைப்பார். நோய்க்குத் தீனியிட்டு வளர்ப்பதை மருந்தென்று மயங்கிய மதியை என்னென்பது! அந்த மதிக்காக வீடே உப்புச்சப்பற்ற சோற்றை உண்டது.

திருவிழாவன்று சங்கு முழங்கியது. மதிலுக்குப் பின்னே அவசரமாய்ப் புகைத்துவிட்டு வந்து பிள்ளை தண்டுக்குத் தோள் கொடுத்தார். வாகனம் எழுந்தது, அவர் எழவில்லை. இடுப்பைப் பற்றிக் குந்திவிட்டார். இடபம் சரிந்தது. தாயாதி மாதேவன் பிள்ளை பாய்ந்து வந்து தண்டைத் தாங்கினார்.

"மாறும்வே! சாமிய மண்ணுல போட்டுராதேயும்!"

பிள்ளை தவழாத குறையாய் ஒதுங்கினார். ஓடிவந்த மனைவியிடம், "நீதான் எங்கயோ புளி கலந்திருக்கே" என்று முனகினார்.

"ஆமா, நான்தான் கலந்தேன்! அப்பன் குடுத்த தண்டை ஊதியே தொலைச்சாச்சு. இனி அந்தக் கொள்ளியையே சொமந்துட்டுக் கெடங்க."

வாகனம் தெருமுனை திரும்பியது. சண்முகவடிவு கூப்பிய கையோடு அதன் பின்னே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் தீக்குச்சி உரசும் ஓசை கேட்டது. அவள் திரும்பவில்லை.