மாமனாரின் ஒரு சிட்டிகை

என் மாமனார் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறினாலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். "மூணாவது மாடி தாண்டும்போது ஒரு இழுப்பு இழுக்குது பாருங்க மாப்பிள்ளை" என்பார். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் "ஆமா மாமா" என்பேன். அவருக்கு ஆமாம் போடுவதில் நான் எப்போதுமே கெட்டிக்காரன்.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால், என்னைப் பற்றிக் கெட்டதாக நாற்பது வரி எழுத வேண்டியிருக்கிறது. என்ன செய்வது, இரண்டும் ஒரே கதை.

மாமியார் இறந்த பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து ஒரு வருடம் ஆகியும் விருந்தாளி மாதிரியே இருந்தார். செருப்பைச் சுவரோடு சுவராக ஒட்டிக் கழற்றுவார். ஃபேன் போடுவதற்கு முன் "போடட்டுமா?" என்று கேட்பார். குளித்துவிட்டு வந்தால் குளியலறைத் தரையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்ற கூச்சம் அவருக்குப் போகவே இல்லை. "இது உங்க வீடுப்பா" என்று என் மனைவி நூறு தடவை சொல்லியிருப்பாள். "ஆமாம்மா, ஆமாம்மா" என்பார். மறுபடி ஃபேனுக்கு அனுமதி கேட்பார்.

எங்கள் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி இருக்கிறது. மீன் தொட்டி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது செடித் தொட்டி. அடியில் கறுப்பு மண், அதில் புல் மாதிரி படரும் செடி, நடுவில் ஒரு மரத்துண்டு, பின்னால் வரிசையாகச் சிவப்புச் செடிகள். வாரம் தவறாமல் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுவேன். நீளமான கத்தரிக்கோலால் செடிகளுக்கு முடிவெட்டுவேன். கண்ணாடியில் பாசி ஒரு நூல் படர்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. "இதுல பாதி அக்கறை எங்க மேல இருந்தா நாங்களும் செழிப்பா இருப்போம்" என்பாள் மனைவி. அதில் இருபத்தாறு நியான் மீன்கள் இருந்தன. என்னைப் பொறுத்தவரை அவை செடிகளுக்கு அழகு சேர்க்க வந்தவை.

மாமனார் தினமும் அந்தத் தொட்டியின் எதிரில் உட்காருவார், தொடமாட்டார். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருநாள் எனக்கே என்னவோபோல் ஆகி, "மாமா, இனிமே காலைல மீனுக்குச் சாப்பாடு போடறது உங்க பொறுப்பு. ஒரு சிட்டிகை போதும்" என்றேன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு சிட்டிகைன்னா உங்க விரல்லயா, என் விரல்லயா?"

"ஏன் மாமா?"

"என் விரல் தடி. முப்பது வருஷம் இரும்புக் கயிறு பிடிச்சது. உங்களுது பேனா பிடிக்கிற விரல்."

என்னை ஒரு சிட்டிகை எடுக்கச் சொல்லி, அதை ஒரு காகிதத்தில் கொட்டி, பக்கத்தில் தன் சிட்டிகையையும் கொட்டி, தன்னுடையதில் கொஞ்சம் குறைத்து, அளவை மனதில் வாங்கிக்கொண்டார். அடுத்த நாளே தொட்டியின் மேசைக் காலில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் நூலில் கட்டித் தொங்கியது. லிஃப்ட் அறையில் அப்படித்தான் வைப்பார்களாம். யார் வந்தாலும் என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "காலை 8.10. ஒரு சிட்டிகை. எல்லாரும் சாப்பிட்டார்கள்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். நானும் மனைவியும் அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய்ச் சிரித்தோம். வீட்டுக்கு யாராவது வந்தால், "தொட்டி மாப்பிள்ளையோடது. சாப்பாட்டு டிபார்ட்மென்ட் என்னுது" என்று சொல்ல ஆரம்பித்தார். ஃபேனைக் கேட்காமல் போட்டதும் அந்த நாட்களில்தான்.

தொட்டிக்குக் கீழே இருந்த சிலிண்டரை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அதிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாகத் தண்ணீருக்குள் போகும். செடிக்கு அதுதான் தீனி. கூடினால் மீனுக்கு மூச்சு முட்டும். கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சின்ன பல்பு ஒட்டியிருக்கும், அதற்குள் கொஞ்சம் திரவம். வாயு சரியாக இருந்தால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள். "உங்க மெஷின் மாப்பிள்ளை, நான் ஏன் தொடறேன்?" என்றார். அடுத்தவர் மெஷினைக் கேட்காமல் தொடுகிற ஆள் அவர் இல்லை.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் யோக்கியதை புரியும். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, யார் மேல் தப்பு என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவன் நான். பம்பரின் நசுங்கலைப் பார்த்தே யார் யாரை இடித்தார்கள் என்று சொல்லிவிடுவேன். "நான் சும்மா நின்னுட்டிருந்தேன் சார், அவன்தான் வந்து இடிச்சான்" என்று தினமும் பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்துப் புளுகுவார்கள். அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு எழுதுவேன்.

செடித் தொட்டி வைத்திருப்பவர்களின் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. அங்கே புகைப்படப் போட்டி வந்தது. என் சிவப்புச் செடிகள் இன்னும் கொஞ்சம் சிவந்தால் பரிசு எனக்குத்தான் என்று எனக்கு ஒரு கிறுக்கு. போட்டிக்கு முந்தின நாள் காலை வால்வைத் திருகி, நொடிக்கு ஒரு குமிழாக இருந்ததை மூன்றாக்கினேன். படத்தில் தண்ணீர் சலனமில்லாமல் தெரிய வேண்டும் என்று ஃபில்டர் குழாயின் வாயையும் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டேன். மேல்தண்ணீர் அசையாவிட்டால் வாயு வெளியே போகாது. இது எனக்குத் தெரியாததல்ல. குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்பவனே நான்தான். ஒருநாள்தானே என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பகல் பதினொன்றே முக்காலுக்கு மாமனார் போன் செய்தார். அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தேன், வெட்டிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அடித்தார். மறுபடி வெட்டினேன். "பிறகு அழைக்கிறேன்" என்று போனே ஒரு செய்தி அனுப்பியது. நான் அழைக்கவில்லை, மறந்துபோனேன்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி தொட்டியின் முன் நின்று தன் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். மீன்கள் மேலே மிதந்தன, சில அடியில் கிடந்தன. நாலு மட்டும் ஒரு மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீரின் மேல் தீனி ஊறிப் படலமாக நின்றது.

"எத்தனை தடவைப்பா போட்டீங்க?"

"எல்லாம் மேல வந்து வாயத் தொறந்துச்சும்மா. பசின்னு நினைச்சேன். போட்டா திங்கல. கொஞ்சம் கூடப் போட்டுப் பாப்போம்னு…"

"கூடப் போட்டா சரியாயிடுமா? குழந்தையாப்பா நீங்க? இவர் உயிரையே இதுல வெச்சிருக்கார்!"

நான் பல்பைப் பார்த்தேன். எலுமிச்சம்பழ மஞ்சள். ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. குனிந்து, என் முதுகால் மறைத்துக்கொண்டு வால்வை மூடினேன். குழாயை மேலே தூக்கிவிட்டேன். நிமிர்ந்தபோது இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாடு அதிகமானா தண்ணி கெட்டுடும்" என்றேன்.

இதில் பொய் இல்லை. எந்தத் தொட்டிக்கும் பொருந்துகிற உண்மை. அதை அந்த இடத்தில், அந்த நேரத்தில் சொன்னேன், அவ்வளவுதான். இவ்வளவு நேர்த்தியாக என்னிடம் ஒரு வண்டிக்காரன்கூடப் புளுகியதில்லை.

மாமனாரின் முகம் சுருங்கிப்போயிற்று. "தெரியாம பண்ணிட்டேன் மாப்பிள்ளை" என்றார். "பரவால்ல மாமா, விடுங்க" என்று சொன்னேன். மன்னித்தேன்! அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

மறுநாள் காலை அவர் ஃபேன் போடவில்லை. அதற்கடுத்த வாரம், பேரனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்லி மகன் வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது தீனி டப்பாவைத் துடைத்து என் கையில் கொடுத்தார். என் மனைவிக்கும் கண் கலங்கியது. ஆனால் பேருந்து போன பிறகு, "கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும், அவருக்கும் வயசாகுது, கவனம் குறையுது" என்றாள். என் ஒரு வாக்கியத்தில் அவருக்குப் புத்தி தடுமாறுகிற வயது வந்துவிட்டது.

அவர் நோட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். பிரித்துப் பார்த்தேன். "8.10. ஒரு சிட்டிகை. எல்லாரும் சாப்பிட்டார்கள். 11.20. மீன் எல்லாம் மேலே. 11.30. ஒரு சிட்டிகை. யாரும் சாப்பிடவில்லை. 11.45. மாப்பிள்ளைக்கு போன். 11.50. மறுபடி போன். 12.15. இன்னும் ஒரு சிட்டிகை." கீழே கையெழுத்து. கூடுதல் தீனி போடுவதற்கு முன்பே மீன்கள் மூச்சுக்கு மேலே வந்துவிட்டன என்பது அதில் நேரத்தோடு இருந்தது. அலுவலகத்தில் இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் அறிக்கையை முடித்துவிடுவேன். நோட்டை என் அலுவலகப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

மீன் செத்த மறுநாளே இன்னொன்றும் செய்திருந்தேன். செத்த மீன்களை எடுத்த பிறகு பார்த்தால், பிழைத்த நாலும் மரத்துண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தன, செடிகளோ அதுவரை இல்லாத அளவுக்குச் சிவந்திருந்தன. படம் எடுத்துப் போட்டிக்கு அனுப்பினேன். "மீனே இல்லாமல் செடிகளை மட்டும் வைத்த துணிச்சல்" என்று பாராட்டி மூன்றாம் இடம் கொடுத்தார்கள். நன்றி என்று எழுதினேன்.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியிடம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். மாமனார் பால்கனியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, பூசி மெழுகாமல் சொல்லிவிட்டேன். வாயுவைக் கூட்டியது நான், குழாயை அமுக்கியது நான், உங்கள் தீனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"அப்போ நான் இல்லையா?" என்றார்.

"இல்ல மாமா."

"நெசமாவா?"

"சத்தியமா நீங்க இல்ல."

"அன்னிக்குக் குமிழ் கன்னாபின்னான்னு ஓடிச்சு மாப்பிள்ளை. வால்வை மூடட்டுமான்னு கேக்கத்தான் போன் பண்ணேன். உங்க மெஷின், கேக்காம எப்படித் தொடறது? அப்புறம் நீங்க சாப்பாடுதான்னு சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

தலை தானாகக் கவிழ்ந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் கேட்டது வேறு.

"பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மாமா."

"சொல்லாதீங்க. நான் அப்பன், என்னை ரெண்டு நாள் திட்டிட்டு மறந்துடுவா. உங்களை அப்படி மறக்க மாட்டா. குடும்பம் நடத்தணும் இல்ல?"

"சரி மாமா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, பட்டென்று சொன்னேன். அந்த நிமிடம் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. திரும்பும் வழியெல்லாம் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த நிம்மதிக்காகக் கூனிக்குறுகிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் இருபது புது மீன்கள் வாங்கினோம். நான் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுச் செடி நட்டுக்கொண்டிருந்தேன். மனைவி தன் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அடுத்த வாரம் வாங்கப்பா. புது மீன் வந்திருக்கு. ஆனா ஒண்ணு, தொட்டிப் பக்கம் மட்டும் போகக் கூடாது!" என்று சிரித்தாள்.

"போகமாட்டேம்மா. தள்ளியே உக்காந்துக்கறேன்" என்றது அவர் குரல்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொட்டச் சொட்டக் கையை வெளியே எடுத்தேன். "அவர் மேல தப்பில்ல. அன்னிக்கு மீன் செத்தது என்னால. கேஸைக் கூட்டி வெச்சது நான்தான்" என்றேன்.

மனைவி என்னையே பார்த்தாள். போனில் மாமனார் சிரித்தார்.

"கேட்டியாம்மா? நான் மனசு கஷ்டப்படுவேன்னு பழியத் தன் தலையில போட்டுக்கறார். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார்?"

மனைவியின் கண்கள் நிறைந்துவிட்டன. எழுந்து வந்து, ஈரம் சொட்டிக்கொண்டிருந்த என் கையைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். பையைத் திறந்து நோட்டைக் காட்டியிருக்கலாம். பேசாமல் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். இப்போது அவள் தன் தோழிகளிடமெல்லாம் என் நல்ல மனசைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறாள்.