லிங்கம்மாள் கட்டிய கோழி அடைப்பு

தெருக்காரர்களோடு பேச லிங்கம்மாளுக்கு வீட்டுக் கன்னடம் போதும். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவாள். அடுத்த தெருவுக்கும் புரியட்டும் என்று. அறுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் அருப்புக்கோட்டையின் அந்த நெசவாளர் தெருவில் அவளுடைய தமிழ்தான் கேட்டது.

காரணம், பக்கத்து வீட்டுச் சௌடப்பன் தறியில் ஏற்ற வைத்திருந்த பாவு நூல். விடிகாலையில் தெருநீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்துக் காயவிடுவார்கள். அன்று லிங்கம்மாளின் செவலைக் கோழி அதன்மேல் ஏறி, கஞ்சித் திப்பியைக் கொத்தி நாலைந்து இழையை அறுத்துவிட்டது. அவள் இல்லையென்று சொல்லவில்லை. இழையை முடிந்து தருகிறேன் என்று உட்காரவும் போனாள். சௌடப்பன் கேட்கவில்லை. மாலையே கோயில் முன்னால் தெருக்கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

"இந்தத் தெருவுல ஒண்ணு கோழி மேயணும், இல்ல தறி ஓடணும்," என்றார்.

"போன மாசம் உங்க வெள்ளாடு வீரபத்திரன் பாவைக் கடிச்சு நாசம் பண்ணுச்சே, அதுக்கு எங்கண்ணே கூட்டம்?"

"ஆடும் கோழியும் ஒண்ணாம்மா?"

"ஆம்பள வளத்தா ஆடு மேயலாம், தாலியறுத்தவ வளத்தா கோழி நடக்கக் கூடாது. அம்புட்டுத்தானே?"

ஆட்டுப் பேச்சைக் கூட்டம் அதோடு விட்டுவிட்டது. ஆனால் முடிவு மட்டும் வந்தது: இனி கோழி தெருவில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பிடித்துச் சந்தையில் விற்றுவிடுவார்கள்.

அவள் புருஷன் போன பிறகு தறிகாரர்களுக்குத் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள். அவர்கள் நூல் கொடுத்தால்தான் அந்த வேலை. யார் முகத்தையும் பார்க்காமல் அவளுக்கென்று இருந்தது கோழிகளும் முட்டையும்தான்.

கொல்லையில் கூடு கட்டத் தொடங்கினாள். கிட்டத்தில் கிடைக்கிறதே என்று கரிசலைக் குழைத்துச் சுவர் எழுப்பினாள். காய்ந்ததும் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிட்டது. மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த சௌடப்பன், "கோழிக்கு ஜன்னலும் வச்சாச்சா?" என்று சிரித்தார். அவள் சுவரை இடித்தாள். திருச்சுழிப் பக்கமிருந்து வந்த வண்டிக்காரனிடம் செம்மண் இறக்கி, வைக்கோல் போட்டு மிதித்து மறுபடி கட்டினாள். கீரி தோண்டாமல் இருக்கத் தரையில் கல் பாவினாள். கோழிகள் அடைய உள்ளே உடைந்த தறியின் மூங்கிலைக் குறுக்கே கட்டினாள். மேலே பனையோலை. கூட்டுக்கு முன்னால் அவை திரிவதற்கு இடம் விட்டு, தலைச்சுமையாகக் கொண்டுவந்த உடைமரத்து முள்ளால் சுற்றி அடைத்தாள். கையெல்லாம் கிழிந்தது. வாசலுக்கு ஓலைப் படல்.

கோழிகள் அதற்குள்ளேயே மேய்ந்தன. ஐப்பசியில் மழை விழுந்ததும் தறிக்குழிகளில் பாச்சைப் பூச்சி பெருகியது. காலைத் தொங்கவிட்டு நெய்கிற அந்தக் குழியிலிருந்து ஏறி, கஞ்சி ருசிக்குப் பாவை அரித்துத் தள்ளியது. முன்னெல்லாம் விரட்ட விரட்ட வீடுவீடாக நுழைந்து அந்தப் பாச்சையைப் பொறுக்கித் தின்றது யார் கோழி என்று தெருவுக்கு அப்போதுதான் உறைத்தது.

சௌடப்பன் கொல்லைவழியாக வந்தார். படலைத் திறந்து அவரே செவலையைத் தூக்கி இடுக்கிக்கொண்டார்.

"செத்த நேரம் நம்ம குழியில விட்டுட்டுத் தாரேன் லிங்கம்மா."

"என் கோழிதான் தெருவுல கால் வைக்கக் கூடாதே?"

"கையிலதான கொண்டுபோறேன். கால் எங்க தரையில படுது?"

"அன்னைக்குக் கூட்டத்துல சொன்னது தப்புன்னு கூட்டத்துலயே சொல்லுங்க. அப்புறம் கொண்டுபோங்க."

"ஒரு கோழிக்காகவா கூட்டம் போடுவாக?"

"அன்னைக்கு எதுக்காகண்ணே போட்டீக?"

லிங்கம்மாள் கோழியை அவர் கையிலிருந்து பிடுங்கி உள்ளே விட்டு, படலை இழுத்துக் கட்டினாள்.

அந்தக் கூட்டம் கடைசிவரை கூடவில்லை. பாவை பாச்சைக்குக் கொடுத்தாலும் கொடுப்பார்களே தவிர, அவளிடம் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அவளும் ஒரு கோழியைக்கூட விடவில்லை.