கபுருக்குக் கூலி

கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே இத்ரூஸ் நானா பேரம் பேசுவார். "சாக்குக்குப் பத்துச் சதம். ஒரு சதம் கொறஞ்சாலும் ஓட்டையோட கொண்டுபோங்க முதலாளி, மொளகு வழியெல்லாம் கொட்டட்டும்." யட்டவத்தையில் எந்த மிளகுக் கடைக்காரரும் அவரிடம் இதுவரை ஜெயித்ததில்லை. காசை மடியில் முடிந்த பிறகுதான் ஊசி சாக்கில் இறங்கும். சொந்த மருமகன் சாக்குக் கொண்டுவந்தாலும் இதே வாய்தான்.

ஊரில் ஒரு மௌத்து, ஒரு சாவு என்றால் ஆளே வேறு. பாதி தைத்த சாக்கை அப்படியே போட்டுவிட்டு, கல் இடிக்கும் அலவாங்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மையித்து அடக்கும் மையவாடிக்கு நடந்துவிடுவார். அங்கே மேலே கொஞ்சம் மண், கீழே கருங்கல். நாலைந்து பேர் மாறி மாறி இடித்தால்தான் சாயங்கால அஸர் தொழுகைக்குள் கபுர்க் குழி ஆகும். அத்தனை பேரும் சொல்லாமலே வந்துவிடுவார்கள். யாருக்கும் கூலி கிடையாது. "நன்மைக்குச் செய்றது. இதுல பேரம் பேச ஏலா" என்பார் நானா. அவர் குளிக்க வெந்நீர் வைத்தபடி மனைவி பீபி கேலி செய்வாள்: "காசு வாங்குற வேலைக்குப் போனா சண்டையோட வாறீங்க. சும்மா செய்ற வேலைக்குப் போனா சந்தோசமா வாறீங்க."

போன வருஷம் பள்ளிவாசல் தலைவர் அப்துல் ஸமத் ஹாஜியாருக்கு இரக்கம் வந்தது. பிழைப்பை விட்டுவிட்டு வருகிற ஏழை மனுஷன், கபுருக்கு ஐந்து ரூபாய் பள்ளிப் பணத்திலிருந்து கொடுப்போம் என்றார். நானா மறுக்கவில்லை. "கைக்கு வந்தத வேணாண்டு தள்ள நான் என்ன அவுலியாவா?"

அதன் பிறகு மையவாடியில் ஆள் குறைந்தது. பேக்கரி ரஹீம் முன்பெல்லாம் முதல் ஆளாகக் குழிக்குள் குதிப்பவன். இப்போது மதிலோரம் நின்று பீடி பிடித்தான். "நானாட பொழப்புல நாங்க கை வெக்கிறது சரியில்லியே." கிண்டல் இல்லை, பாவம், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

நானாவுக்குள்ளும் ஒன்று கெட்டுப்போயிற்று. ஒருநாள் பள்ளிவாசல் மோதினார் வந்து மௌத்துச் சொன்னபோது, சாவுச் செய்திக்குச் சொல்லும் 'இன்னா லில்லாஹி' வாய்க்கு வருமுன் ஐந்து ரூபாய் மனதுக்கு வந்துவிட்டது. கூசிப்போனார். பீபியிடம் மட்டும் சொன்னார்.

"அப்ப இனி அந்தக் காசு வேணாண்டு சொல்லிருங்க."

"சொல்றன், சொல்றன்" என்றார். அடுத்த கபுருக்கும் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் காய்ச்சல் கண்டு பீபி மௌத்தானாள். நானா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். முற்றம் நிறைய ஆண்கள். நடுப்பகல் லுஹர் தொழுது முடிந்தும் மையவாடியில் ஒரு பிடி மண் கிளம்பவில்லை. கபுர் வெட்டுவது நானாவின் வேலை. நானா வீட்டு மையித்துக்கு தாங்கள் வெட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "பத்து ரூவா போனாலும் பரவாயில்ல, தோட்டத்துல ரெண்டு கூலி ஆளக் கூட்டி வரச் சொல்லுங்க" என்று ஹாஜியார் தாழ்ந்த குரலில் சொன்னது நானா காதில் விழுந்தது.

எழுந்து அலவாங்கை எடுத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். ஆட்கள் பின்னாலேயே போய் மதிலோரம் நின்றார்கள்.

முழங்கால் ஆழத்தில் கல் தட்டியது. அழுதுகொண்டே இடித்தார். ஹாஜியார் குடையோடு குழியருகே வந்தார்.

"இத்ரூஸ், மேல ஏறுங்க. கூலிக்கு ஆள் வருது. காசு நான் தாரன்."

நானா நிமிர்ந்தார். கைபிடித்த இடத்தை இடுப்புச் சாரத்தில் துடைத்து, அலவாங்கை ஹாஜியாரிடம் நீட்டினார். நீட்டிய கையை மடக்கவில்லை.

ஹாஜியார் குடையை மடக்கினார். அதை ரஹீமிடம் கொடுக்கத் திரும்பினார். ரஹீம் அதற்குள் குழிக்குள் இறங்கியிருந்தான்.